யாரு அது?

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை இந்த ஊர் ஒரு சாயங்காலம் வேண்டிய மட்டும் கூவித் தீர்த்துவிட்டது. அதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் இங்கே அவள் வெறும் ‘அவள்’தான். அவளுக்கு இது பிடிக்காது என்று தெரியும். ‘அவ, அவ-ன்னு பாடுறியே, யாரு அது?’ என்று கேட்பதுதான் அவளுடைய வழக்கமே.

முதல் நாளே கேட்டாள். முதலியார்பேட்டையில் மூடிப்போன மில்லின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு காலி மனை உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே வட்டமாக நின்று ராப் பாடுவோம். முதலில் கடற்கரைச் சாலையில்தான் பாடிக்கொண்டிருந்தோம். டூரிஸ்ட்டுகளுக்குத் தொந்தரவு என்று போலீஸ் விரட்டியதில் இந்தச் சுவரோரம் வந்து ஒதுங்கினோம். ஒருவன் நடுவில் வந்து பாடுவான், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பாடி முடித்தவனுக்கு எல்லோரும் முஷ்டியை நீட்டி ஓர் இடி இடிப்பார்கள். குறுக்கே பேசக் கூடாது. முடிந்த பிறகு கேள்வி கேட்கும் பழக்கமும் கிடையாது.

அன்று ஒரு பையன் தன்னை ஏமாற்றிவிட்டுப் போன ஒருத்தியைப் பற்றிப் பாடினான். அவள் விஷமாம், அவள் சிரிப்பு வேஷமாம், அவள் அம்மா அதைவிட மோசமாம். வழக்கம்போல எல்லோரும் இடித்தார்கள். அப்போதுதான் சுடிதாரும் தோளில் ஒரு பையுமாக ஓரமாய் நின்றிருந்த ஒரு பெண் கேட்டாள்.

“நல்லா இருந்துச்சு. யாரு அது?”

“எது?”

“உன்ன ஏமாத்துன பொண்ணு.”

“அது வந்து... சும்மா. பொதுவா.”

“பொதுவா யாரு ஏமாத்துவா? பேரு இன்னா அதுக்கு?”

அந்தப் பையன் அதுவரை எந்தப் பெண்ணிடமும் மணி கேட்டதுகூட இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் மனசாரக் காதலித்தது தவணையில் வாங்கிய பைக்கை மட்டும்தான். விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல முகத்தை வைத்திருந்தாள்.

அந்த வட்டத்தில் அதுவரைக்கும் ஒரே பெண் நான்தான். நான் பாட மாட்டேன், பீட்பாக்ஸ் செய்வேன். வாயாலேயே டிரம்ஸ் வாசிப்பது. உதட்டில் ஓர் அடி, தொண்டையில் ஓர் அடி, பல்லிடுக்கில் ஜால்ரா. பாக்ஸ் என்று கூப்பிட ஆரம்பித்து, அது பெட்டியாகி, பெட்டி டப்பாவாகி, கடைசியில் டப்பா என்றே என் பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். “டப்பாவ பொண்ணுன்னு நெனைக்காத மச்சி, அது நம்ம பையன்” என்று எவனாவது சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கும். அப்படிச் சொல்ல வைக்க நான் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அவர்கள் எதற்குச் சிரித்தாலும் கூடவே சிரித்துவிட வேண்டும். எவளுடைய இடுப்பைப் பற்றிப் பாடினாலும் தாளம் பிசகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கென்ன, வாய் வேலையாக இருக்கிறது, எங்கே பேசுவது என்று இருந்துவிடுவேன்.

அவளுக்குப் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பேர் சொல்லி ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட வேண்டும். மீன் விற்கிறவர்களின் கூச்சலும், மூட்டைக்காரர்களின் ‘ஓரம், ஓரம்’ சத்தமும் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். அதைத் தாண்டி இவள் குரல் கேட்க வேண்டும்.

“மைக்கெல்லாம் கெடையாது. வயித்துலேர்ந்து கூப்புடணும்” என்று ஒருநாள் எங்களுக்குப் பாடம் எடுத்தாள். “கடசி எழுத்த முழுங்கினா போச்சு. செல்வின்னு கூப்புட்டா செல்வம் எழுந்து வந்துடுவாரு. அப்பறம் அவரு ரத்தம் இவங்க பேர்ல போயிடும்.”

அவள் ராப்பும் அப்படித்தான். எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு சொல்லைக்கூட விழுங்க மாட்டாள். காலி மனையின் கடைசியில் கட்டியிருக்கும் எருமைக்குக்கூட அவள் பாடியது முழுசாகக் கேட்டிருக்கும். எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்ட இரண்டு வரி வைத்திருந்தாள்.

பேரு சொல்லிக் கூப்புடு, திரும்பிப் பாக்குறேன்,
ஏய்னு கூப்புட்டா என் வேலயப் பாக்குறேன்.

மற்றவர்கள் பாட்டில் ஆட்கள் இருக்க மாட்டார்கள், ஆவேசம்தான் இருக்கும். அவள் பாட்டில் சாரம் பக்கத்திலிருந்து வரும் டவுன் பஸ் கண்டக்டர் வருவார், பட்டன் தைக்கும் கம்பெனியில் அவள் அம்மாவோடு வேலை செய்கிறவர்கள் வருவார்கள், எல்லோருக்கும் பேர் இருக்கும். அப்பா எப்போதோ விட்டுப் போய்விட்டார் என்பதைக்கூட அப்பாவின் பேரைச் சொல்லியே பாடினாள். கூச்சமே இல்லை. கேட்ட எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

எங்கள் வட்டத்தில் சொந்தப் பேரில் பாடுகிறவர்கள் யாரும் இல்லை. ஆளுக்கொரு பட்டப்பேர். அவளுக்கும் வைக்கப் பார்த்தார்கள். “பொண்ணுங்க சொந்தப் பேர்ல பாடுனா பிரச்சனை வரும், வேற பேரு வச்சுக்கோ” என்று அக்கறையாகத்தான் சொன்னார்கள்.

“பிரச்சனை யாரால வரும்?” என்று கேட்டாள்.

“பொதுவா சொல்றோம்.”

“பொதுவாவா. சரி, வரட்டும்” என்றாள்.

ஒருமுறை சென்னையிலிருந்து ஓர் அண்ணன் வந்திருந்தார். வீடியோவெல்லாம் வெளிவந்திருந்த ஆள். நாங்கள் அவர் உட்கார நாற்காலி தேடி அலைந்துகொண்டிருந்தோம். அவர் பாடியதும் துரோகம் செய்த ஒருத்தியைப் பற்றித்தான். கழுத்து நரம்பு புடைக்க, கண் சிவக்கப் பாடினார். முடித்ததும் அந்த அமைதியில் இவள் ஆரம்பித்தாள்.

“யாருண்ணா அது?”

அவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. “யாரா இருந்தா உனக்கு இன்னாம்மா? ஆர்ட்டு இது. கற்பனை.”

“கற்பனையாண்ணா? கற்பனை மேலயா இவ்ளோ கோவம்?”

நக்கல் செய்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளைத் தெரிந்தவர்களுக்கு நக்கல் இல்லை என்பது தெரியும். ஒரு பெண்ணைத் திட்டுகிறார்கள் என்றால் அப்படி ஒரு பெண் எங்கேயோ இருந்தாக வேண்டும் என்று அவள் நம்பினாள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் பக்கத்தையும் கேட்டுவிட வேண்டும் என்பதுபோல. லேபில் ஒரு பேரைக் கூப்பிட்டு யாரும் எழுந்து வராவிட்டால் விடமாட்டாளாம், வாசல் வரை போய்த் தேடுவாளாம். அண்ணன் டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறினார்.

அந்த அண்ணன் போனதில் ரொம்பக் கசந்துபோனவன் எங்கள் வட்டத்தின் தலைவன். அவனுக்கு மேர் என்று பேர். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் நகரத் தலைவருக்குச் சொன்ன வார்த்தை. எல்லாவற்றையும் அவனே முடிவு செய்வதால் அந்தப் பட்டம். நல்ல உயரம், நல்ல குரல், கூட்டத்தை ஆட்டி வைக்கத் தெரியும். ஒரே குறை, ஒவ்வொரு வரியிலும் கடைசி வார்த்தையை விழுங்கிவிடுவான். பஞ்ச் என்று அவன் எழுதி வைத்திருப்பது அந்தக் கடைசி வார்த்தையில்தான் இருக்கும். அதுதான் கேட்காது. நான் அந்த இடத்தில் ஓங்கி ஓர் அடி அடித்து மூடிவிடுவேன். ஏதோ பெரிதாகச் சொல்லிவிட்டான் என்று கூட்டமும் கத்திவிடும்.

அவள் வந்த கொஞ்ச நாளிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். “கடசி வார்த்தைய இன்னாத்துக்கு முழுங்குற? வீட்டுல சாப்புடாம வந்துட்டியா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் மேர் சிரித்தான்.

எனக்கும் அவளுக்கும் எப்படி இருந்தது என்பதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. அவள் என்னிடம் பிரியமாக இருந்தாள். முதல் வாரமே, “டப்பான்னா கூப்புடுறானுங்க? உன் பேரு இன்னா?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு என் சொந்தப் பேரைச் சொல்லியே கூப்பிட்டாள். அந்த மனையில் என் பேர் கேட்டது அவள் வாயில் மட்டும்தான். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வீட்டிலிருந்து அம்மா தேடிக்கொண்டு வந்துவிட்டது மாதிரி இருக்கும்.

ஒருநாள் போட்டோ எடுக்கும்போது, “பொண்ணுங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் தனியா நில்லுங்க” என்று எவனோ சொன்னான். நான் எப்போதும் நடுவில், மேர் பக்கத்தில் நிற்பவள். இரண்டு வருஷமாக அங்கேதான் நின்றேன். அன்று ஓரமாய்ப் போய் அவளோடு நின்றேன். சொன்னவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் மேல்தான் வந்தது. இவள் ஒருத்தி வந்திருக்காவிட்டால் நானும் ஒரு பெண் என்று இவர்களுக்கு ஞாபகமே வந்திருக்காதே என்று நினைத்தேன். இதை இப்போது எழுதும்போதே காது சுடுகிறது.

இன்னொரு நாள் பஸ் நிறுத்தம் வரைக்கும் சேர்ந்து நடந்தோம். அன்று ஒருவன் பாடியதில் அவன் தெருவில் இருக்கும் ஒரு பெண்ணின் நடையைப் பற்றி ஏதோ வந்தது. எல்லோரும் சிரித்தோம்.

“அந்த வரிக்கு நீயும் சிரிச்சியே, உனக்கு நெஜமாவே சிரிப்பு வந்துச்சா?” என்று கேட்டாள்.

“ஃபன்னுதானடி. இதையெல்லாம் சீரியஸா எடுத்துக்கினா இங்க இருக்க முடியாது.”

“ம்” என்றாள். பஸ் வரும் வரைக்கும் வேறு ஏதோ பேசினோம்.

அதற்கடுத்த வாரம் நான் ஒரு வேலை செய்தேன். அவளுடைய ‘யாரு அது’வை பீட்டாக மாற்றினேன். யா-ரு-து, யா-ரு-து என்று அவள் குரலிலேயே, மூக்கை லேசாகச் சேர்த்துக்கொண்டு, நடுவில் தொண்டையடி போட்டு வாசித்தேன். பசங்கள் தரையில் உருண்டார்கள். முதல் தடவை அவளும் சிரித்தாள். இரண்டாம் தடவை வாயை மட்டும் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எவன் பாடி முடித்தாலும், அவள் வாயைத் திறப்பதற்குள் மொத்த வட்டமும் ‘யாரு அது?’ என்று கோரஸாகக் கத்தும். கேள்வி விளையாட்டாகிவிட்டது. அதற்கப்புறம் யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கோரஸில் அது யார் காதிலும் விழவில்லை.

ஜூன் மாதம் ஒருநாள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு பாட்டு நடக்கும். பிரெஞ்சுக்காரர்கள் வழியாக வந்த பழக்கம். அந்த வருஷம் கடற்கரையில் போட்ட ஒரு மேடையில் எங்கள் கூட்டத்திலிருந்து ஒரு பாடகருக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். பீட்டுக்கு எப்படியும் நான். பாடுவது யார் என்பதுதான் பேச்சு. மேர்தான் போவான் என்று எல்லோரும் சும்மா இருந்தபோது, “நான் போறேன்” என்றாள் அவள்.

“எங்க அம்மா நான் பாடி ஒருவாட்டியும் கேட்டதில்ல. மொத வரிசையில உக்கார வைக்கப் போறேன். அத்தினி பேரு என் பேரக் கூப்புடறத அது கேக்கணும்.”

அவள் எதையும் ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

சரி, பேட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றான் மேர். ஒருவரை ஒருவர் திட்டிப் பாட வேண்டும். எவருக்குக் கூட்டம் அதிகமாகக் கத்துகிறதோ அவருக்கு மேடை. பேட்டிலில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். பேட்டிலில் பேசியது பேட்டிலோடு போய்விடும், முடிந்ததும் முஷ்டி இடித்துக்கொண்டு டீக்குப் போய்விடுவோம். எங்களுக்கிருந்த ஒரே சட்டம் அதுதான்.

பேட்டிலுக்கு முந்தின நாள் மேர் என்னை மட்டும் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தான்.

“டப்பா, இந்த எடத்துல நான் கைய காட்டுவேன். எல்லாரும் ‘யாரு அது’ன்னு கேப்பானுங்க. உடனே நீ கட் பண்ணிடு. சுத்தமா கட். மூச்சு சத்தம்கூடக் கேக்கக் கூடாது. நான் ஒரு வார்த்த சொல்லுவேன். அப்பறம் அடி.”

பஞ்ச் சரியாக விழ வேண்டுமென்றால் பீட்டை அறுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வேலையில் பாலபாடம். அதுவரை காதை நிறைத்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றால், அடுத்து வருகிற ஒரு சொல் ஆளையே தள்ளிவிடும். ஒத்திகையில் அந்த இடத்தில் அவன் ‘லாலா’ என்று மட்டும் சொன்னான். நாளைக்கு அங்கே என்ன வார்த்தை வரும் என்று நான் கேட்கவில்லை. என் வாய் அப்போது சும்மாதான் இருந்தது. ‘யாரு அது’ என்று ஒரு கேள்வி. அதைக் கேலியாக ஆயிரம் தடவை வாசித்தவள் நான். நிஜமாக ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மனை நிறைந்திருந்தது. வேறு பேட்டைகளிலிருந்தெல்லாம் பசங்கள் வந்திருந்தார்கள். மேர் முதலில் பாடினான். ஒருத்தியைப் பற்றி. அவள் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள், யார் வண்டியில், ஆண் இல்லாத அந்த வீட்டுக்கு யாரெல்லாம் வந்து போகிறார்கள், அவள் அம்மா எதற்காக அலங்காரம் செய்துகொள்கிறாள். இதற்கு மேல் எழுத மாட்டேன். ஒரு சொல்கூட உண்மையில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தலையாட்டினார்கள். என் உதடு அடித்துக்கொண்டிருந்தது.

அவன் கையைக் காட்டினான். அத்தனை பேரும் சேர்ந்து, அவள் குரலை நான் பழக்கிக் கொடுத்திருந்த அதே ராகத்தில், “யாரு அது?” என்றார்கள்.

நான் நிறுத்தினேன். சுத்தமாக நிறுத்தினேன். அந்த அமைதியில் மேர் அவளுடைய பேரைச் சொன்னான். கூடவே அவள் அம்மா பேரையும்.

அப்படி ஒரு கூச்சலை அந்த மில் ஓடிக்கொண்டிருந்தபோதுகூட அந்தச் சுவர் கேட்டிருக்காது. அவள் பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார்கள். பத்துப் பதினைந்து கைகளில் போன் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நான் என் அடியை ஆரம்பித்தேன். ஒரு துளிகூடப் பிசகவில்லை.

அடுத்து அவள் முறை. அவளுக்குப் பிடித்த மெதுவான பீட்டை எடுத்துக் கொடுத்தேன். ஏதோ பெரிய உதவி செய்கிற மாதிரி. அவள் எப்போதும்போல வயிற்றிலிருந்து ஆரம்பித்தாள். ‘பேரு சொல்லிக் கூப்புடு, திரும்பிப் பாக்குறேன்.’ அதைத்தான் முதல் வரியாகத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறாள். கூட்டம் வெடித்தது. எல்லாப் பக்கமிருந்தும் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். விசிலடித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. எழுதி வைத்திருந்த அத்தனையும், ஒரு கடைசி எழுத்தைக்கூட விழுங்காமல், யாருமே கேட்காத அந்தப் பாட்டை முழுசாகப் பாடி முடித்தாள். பிறகு வழக்கப்படி எல்லோருக்கும் முஷ்டி இடித்தாள். மேருக்கு இடித்தாள். எனக்கும் இடித்தாள். பையை எடுத்துக்கொண்டு நடந்து போனாள்.

பேட்டிலில் பேசியது பேட்டிலோடு போகவில்லை. அவள் பேர் வரும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்த வீடியோ ஊர் பூராவும் சுற்றியது. அவள் பெரியப்பா வீட்டிலிருந்து யாரோ அதை அவள் அம்மாவின் போனுக்கே அனுப்பினார்கள். அத்தனை பேர் மகளின் பேரைக் கூப்பிடுவதை அந்த அம்மா கேட்டுவிட்டார். அந்த அம்மா கொஞ்ச நாள் பட்டன் கம்பெனிக்குப் போகவில்லை என்று சொன்னார்கள். எங்கள் பசங்கள் சிலர் காலையில் லேப் வாசலில் போய் நின்றார்கள். அவள் உள்ளேயிருந்து யாருடைய பேரையாவது கூப்பிட்டால், இவர்கள் வெளியிலிருந்து அவள் பேரைத் திருப்பிக் கூப்பிடுவார்கள். அதை வட்டத்தில் வந்து நடித்துக் காட்டினார்கள். நான் அன்றும் எழுந்து போய்விடவில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை வந்தாள். வட்டத்துக்கு வெளியே, பின்னால் நின்றாள். ஒருவன் யாரோ ஒரு ‘அவ’ளைப் பற்றிப் பாடி முடித்தான். கோரஸ் எழவில்லை. எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். கேட்பாள் என்று காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். கேட்டுவிட்டாளானால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தது எனக்கு. அவள் கேட்கவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

மேடையில் மேர்தான் பாடினான். நான் பீட் கொடுத்தேன். முதல் வரிசையைப் பார்க்காமலே வாசித்தேன்.

நான் இப்போது ஒரு டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் கவுண்ட்டரில் இருக்கிறேன். வட்டத்தை விட்டு வந்தாயிற்று. ஏதோ நியாயத்துக்காக விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி போட்டுவிட்டார்கள். மேர் வளர்ந்துவிட்டான். போன பெண்கள் தினத்துக்கு ஒரு பாட்டு போட்டான். பெண் தெய்வமாம், பூவாம், கண்ணீரைத் துடைக்கும் கையாம். நிறையப் பெண்கள் கீழே இதயம் போட்டிருந்தார்கள். அம்மா, தங்கச்சி, தேவதை என்று ஒரு கூட்டமே அதில் வருகிறது, ஒருத்திக்கும் பேர் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இந்த இடத்தில் கட் பண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று என் நாக்கு தானாக நின்று பார்த்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அந்த லேப் இருக்கும் தெரு வழியாகப் போவதை எப்போதோ விட்டிருந்தேன். மார்க்கெட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் போவேன். சமீபத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டி வந்தது. “அங்கதான் வலிக்காம எடுக்குறாங்க” என்று அப்பா அந்த லேபுக்கே பிடிவாதம் பிடித்தார். போனோம். கவுண்ட்டரில் அவள்தான். கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

“பேஷண்ட் பேரு சொல்லுங்க” என்றாள். ‘சொல்லுங்க’.

அப்பா பேரைச் சொன்னேன். ஒரு சீட்டு கொடுத்தாள். உட்கார்ந்தோம். ஜன்னல் வழியாக அதே ‘ஓரம், ஓரம்’ சத்தம். அதற்கு மேலே அதே குரல், கடைசி எழுத்து விழாமல்.

“முப்பத்தி ரெண்டு.”

ஒரு கிழவர் எழுந்து போனார்.

“முப்பத்தி மூணு.”

பேர் சொல்லிக் கூப்பிடுவதை அவள் நிறுத்திவிட்டிருந்தாள். அவள் ஒரு பேரைக் கூப்பிட்டால்தானே வாசலில் நின்றவர்கள் அவள் பேரைத் திருப்பிக் கூப்பிடுவார்கள், அதை நிறுத்த அவளுக்கு வேறு வழி கிடைத்திருக்காது. அப்பா என் பக்கம் திரும்பி, “இன்னாம்மா, மயக்கமா வருதா? வெறும் வயித்துல வந்தது நானு” என்றார்.

சாயங்காலம் ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் போனேன். நாலைந்து பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். கவுண்ட்டரில் கையை வைத்துக்கொண்டு, வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

“அன்னிக்கு நாங்க பண்ணது ரொம்பத் தப்பு.”

அவள் ரிப்போர்ட்டை மடித்துக் கவரில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நாங்கன்னா? யாரு அது?”

அதே குரல். அதே மாதிரி, பதில் வேண்டும் என்ற கேள்வி. மேருடைய பேர் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவ்வளவு வருஷம் கழித்தும் அவன் பேர்தான் முதலில் வந்தது.

“நான்” என்றேன். பாதிதான் வெளியே வந்தது.

“கடசி எழுத்த முழுங்காத.”

“நான்” என்று மறுபடியும் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள்.

அவள் கவரை ஒட்டினாள். என் பக்கம் தள்ளினாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. வேலை தெரிந்தவள் வேலை தெரிந்தவளிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

“அவன் எப்பவும் முழுங்கிடுவான். அந்த எடத்துல நீ நிறுத்தலன்னா என் பேரு அன்னிக்கு ஒருத்தருக்கும் கேட்டிருக்காது.”

பிறகு என் தோளைத் தாண்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“நாப்பத்தி ஒண்ணு.”

எனக்குப் பின்னால் ஓர் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் கவரை எடுத்துக்கொண்டு அவருக்கு வழி விட்டேன்.